இல்லங்களில் சூரிய மின்சாரம்: தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டுவது

2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி மாலையில் அம்பன் என்னும் கடும்புயல் கொல்கத்தா நகரைத் தாக்கியது. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றோடு மின்கம்பிகளும் அறுந்து வீழ்ந்தன. நகரின் தென்பகுதியில் பல வட்டாரங்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. விளக்கும் விசிறியும் இல்லாமையைக் காட்டிலும் தண்ணீர் இல்லாமையே பெருந்துன்பமாயிற்று; பம்பு ஓடாத வீட்டில் மாடித்தொட்டிக்கு நீர் ஏறுவதில்லை. பொறுமையிழந்த மக்கள் சில இடங்களில் சாலைகளை மறித்தனர். மின்சாரம் வராத அந்நாட்களிலும் மே மாதத்து வெயில் வீட்டு மாடிகளின்மீது விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவ்வெயிலைக் கொண்டு விளக்கேற்றவும் விசிறி சுழற்றவும் இயலாதா என்னும் வினா அதன்பின் பல குடும்பங்களில் எழுந்தது இயல்பே. இயலும் என்பதே விடை. ஆயின் இவ்விடையோடு நின்றுவிட்ட குடும்பங்கள் ஏமாற்றமடைய நேரிடும். ஏனெனில் மாடியில் சூரியப் பலகைகளைப் பரப்பியிருந்தும், பொது மின்சாரம் நின்ற நொடியிலேயே ஒரு விளக்கும் எரியாமற்போகும் அமைப்புகளே நகரங்களில் மிகுதி. அவற்றில் யாதொரு பழுதும் இல்லை. அவை அவ்வாறு நிற்கும்படியே செய்யப்பட்டவை. வாங்குவோர் இதனை முன்கூட்டி அறியாமையே குறை. ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அணுகி யோசனை கேட்போருக்கு முதற்கண் தெளிவுபடுத்த வேண்டிய செய்தி இதுவாகும்.

கரியாஹாட்டின் மாடிகள்

தென் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நாற்சந்தியே கரியாஹாட். புடவைக் கடைகளாலும், நடைபாதை வியாபாரிகளாலும், மீன் அங்காடியாலும் பெயர்பெற்ற இடம். துர்கா பூஜை நாட்களில் அருகிலுள்ள ஏக்டாலியாவின் விளக்கு அலங்காரத்தைக் காணக் கூட்டம் திரளும். மேற்கே சிறிது தூரத்தில் உள்ள லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

கடைவீதியின் ஆரவாரத்தை விடுத்து மாடிக்கு ஏறிப் பார்ப்பவருக்கு வேறொரு காட்சி கிட்டும். தண்ணீர்த்தொட்டி, துணி உலர்த்தும் கொடி, டிஷ் ஆண்டெனா, துளசித்தொட்டி, படிக்கட்டின் மேற்கூரை, அடுத்த வீட்டின் உயர்ந்த சுவர் ஆகியவை அங்கே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். ஒரே மாடியின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. சூரிய மின்சாரத்திற்கு வேண்டிய வெயில் இங்குக் குறைவன்று. வெயில் விழும் இடமும், அவ்விடத்தின்மீதான உரிமையுமே அரியவை.

இப்பகுதிக்கு மின்சாரம் வழங்குவது 1897ஆம் ஆண்டு தோன்றிய கல்கத்தா மின்விநியோக நிறுவனம், இன்று சி.இ.எஸ்.சி. என்னும் பெயரால் அது வழங்குகின்றது. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி இமாம்பாக் சந்தில் அதன் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இத்துணைப் பழமையான ஏற்பாடு இருந்தும், 1970களிலும் 1980களிலும் 'லோட் ஷெடிங்' என்னும் மின்வெட்டு கொல்கத்தாவின் அன்றாட வாழ்க்கையில் ஓர் அங்கமாயிருந்தது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் நகரத்து வீடுகளில் குடியேறியது இத்தகைய மின்வெட்டின் விளைவாகவே. இன்று மின்வெட்டு அரிது. எனினும் புயலும் பெருமழையும் வரும்போது பழைய நினைவு மீள்கின்றது.

இருவேறு இயந்திரங்கள்

வீட்டுச் சூரிய மின்சாரம் என ஒரே பெயரால் வழங்கப்படுபவை உண்மையில் இருவேறு இயந்திரங்களாகும்.

முதலாவது, பொது மின்வழியைச் சார்ந்தது. பகலில் பலகைகள் விளைவிக்கும் மின்சாரத்தை வீடு செலவிடுகின்றது. எஞ்சியது மின்வழிக்குச் செல்கின்றது. இரவில் வீடு மின்வழியிலிருந்து பெறுகின்றது. வரவையும் செலவையும் ஒருங்கே காட்டும் நெட் மீட்டர் கணக்கு வைக்கின்றது. இதில் பேட்டரி கிடையாது. மின்கட்டணத்தைக் குறைப்பதற்கு இதனினும் மலிவான வழி இல்லை.

இரண்டாவது, பேட்டரியைச் சார்ந்தது. பகலில் விளைந்ததைச் சேமித்து இருளில் வழங்குவது. கட்டணத்தை இது பெரிதாகக் குறைப்பதில்லை. பேட்டரியின் விலையையும் அதனை மாற்றும் செலவையும் கணக்கிட்டால், இதில் கிடைக்கும் ஒரு யூனிட் பெரும்பாலும் பொது மின்சாரத்தினும் விலை மிக்கதே. ஆயின் ஊர் முழுவதும் இருண்டிருக்கும்போது விளக்கேற்றுவது இதுவே.

முதலாம் வகை இருளில் ஏன் உதவுவதில்லை என்பது விளக்கத்திற்குரியது. பலகை தருவது நேர்மின்னோட்டம். வீட்டிற்கு வேண்டுவது விநாடிக்கு 50 முறை ஊசலாடும் மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இன்வெர்ட்டர், மின்வழியிலுள்ள ஊசலைப் பார்த்து அதனோடு தாளம் தவறாமல் தன் மின்சாரத்தைச் சேர்க்கின்றது. மின்வழி இறந்தால் தாளம் இல்லை. அது மட்டுமன்று, அறுந்த கம்பியை இணைக்க ஏறிய தொழிலாளர், மின்சாரம் நிறுத்தப்பட்டது என நம்பிக் கைவைக்கும் கம்பிக்குள் ஒரு வீட்டின் மாடியிலிருந்து மின்சாரம் பாயுமாயின் உயிருக்கே ஆபத்து. ஆதலின் மின்வழி நின்ற இரண்டு விநாடிகளுக்குள் இவ்வகை இன்வெர்ட்டர் தானே அணைந்துவிட வேண்டும் என்பது விதி. நண்பகல் வெயிலில் பலகைகள் பளபளக்க, கீழே விசிறி நின்றிருக்கும் காட்சிக்கு இதுவே காரணம்.

இரண்டு பயன்களையும் ஒருங்கே தரும் ஹைபிரிட் இன்வெர்ட்டர்களும் உண்டு. மின்வழி நின்றவுடன் அவை வீட்டைப் பொது வழியிலிருந்து துண்டித்துக்கொண்டு, பேட்டரியைக் கொண்டு தனித்து இயங்கும். விலை அதிகம், அமைப்பும் சிக்கலானது. இருப்பினும் 'கட்டணமா, இருளா' என்னும் வினாவிற்கு விடை கண்ட பின்னரே இதனையும் நாட வேண்டும்.

சாகர்த் தீவின் அனுபவம்

பேட்டரியைச் சார்ந்த முறையின் வலிமையையும் குறையையும் அறிவதற்குக் கரியாஹாட்டிலிருந்து தெற்கே சென்று, கங்கை கடலோடு கலக்கும் சாகர்த் தீவை நோக்க வேண்டும். ஆற்றால் பிரிக்கப்பட்ட இத்தீவுக்கு நெடுங்காலம் பொது மின்வழி செல்லவில்லை. டீசல் இயந்திரமும் மண்ணெண்ணெய் விளக்குமே கதி. 1996ஆம் ஆண்டு இத்தீவின் கமல்பூர் கிராமத்தில் 26 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மேற்கு வங்க மாநிலப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வளர்ச்சி முகமை மேற்கொண்ட இப்பணியை முன்னின்று நடத்தியவர் பொறியாளர் எஸ். பி. கண் சௌதுரி. பகலில் பேட்டரிகள் நிரம்பும்; மாலையில் சில மணி நேரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் வழங்கப்படும். கட்டணம் வசூலிப்பதிலும் பராமரிப்பதிலும் ஊர்மக்களின் கூட்டுறவு அமைப்புக்குப் பங்கிருந்தது. இதனையொட்டித் தீவின் வேறு கிராமங்களிலும் நிலையங்கள் எழுந்தன. அதே காலத்தில் நரேந்திரபூர் ராமகிருஷ்ண மிஷனின் லோகசிக்ஷா பரிஷத், சுந்தரவனக் கிராமங்களில் தனித்தனி வீடுகளுக்கான சூரிய விளக்குகளைப் பரப்பியது.

அங்கே மாலை நேரமே முதன்மையானது. பிள்ளைகள் படிப்பதும், கடை திறந்திருப்பதும், பெண்கள் கைத்தொழில் செய்வதும் அந்நேரத்தில்தான். குடும்பங்கள் விலை கொடுத்தது யூனிட்டுக்கு அன்று. இருட்டிய பின் கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்திற்கே. பிற்காலத்தில் பொது மின்வழி முரிகங்கா ஆற்றைக் கடந்து தீவை எட்டியபோது, பேட்டரி நிலையங்களின் அவசியம் குறைந்தது. தேவை மாறினால் இயந்திரமும் மாறும் என்பதற்கு இது தக்க சான்று.

நேரத்தைப் பற்றிய இவ்வுண்மையை நம் நாட்டு விஞ்ஞானம் அதற்கு முன்பே ஒருமுறை கற்றது. 1950களின் தொடக்கத்தில் டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலை, குழியாடி கொண்டு வெயிலைக் குவித்துச் சமைக்கும் சூரிய அடுப்பொன்றை உருவாக்கியது. அடுப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் இல்லத்தரசிகள் அதனை ஏற்கவில்லை. வெட்டவெளியில் வெயிலில் நின்று, சூரியன் நகர நகர ஆடியைத் திருப்பி, மாலைச் சமையலை நண்பகலில் முடிக்கும்படி அவ்வடுப்பு கேட்டது. வெயில் வரும் நேரமும் வீட்டின் தேவை எழும் நேரமும் பொருந்தவில்லை. சூரிய மின்சாரத்தில் இப்பொருத்தத்தை உண்டாக்குவது ஒருபால் பேட்டரி, மற்றொருபால் மின்வழி; இரண்டிற்கும் தனித்தனி விலை உண்டு.

பலகையின் வரலாற்றில் கொல்கத்தாவிற்கும் ஓர் இடமுண்டு. மாநிலக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவியை அமைத்தார். அது ஒளிக்கும் உணர்வு காட்டியது. 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்காவில் அதற்கு அவர் பெற்ற காப்புரிமையே குறைகடத்திக் கருவி ஒன்றிற்கு வழங்கப்பட்ட முதற் காப்புரிமையாகக் கருதப்படுகின்றது. பயன்தரு சிலிக்கான் சூரிய மின்கலம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954இல் தோன்றியது. விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக்கியது. இன்று கடைகளில் விற்கும் பலகைகள் இருபது பங்குக்கு மேல் ஆக்குகின்றன. நம் நாட்டில் சாஹிபாபாதிலுள்ள மத்திய எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இல் முதற் சூரிய மின்கலத்தைச் செய்தது. கரியாஹாட்டுக்குத் தெற்கே ஜாதவ்பூரிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் படிகமற்ற சிலிக்கான் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் நடைபெற்றது. சர் சி. வி. ராமன் 1928இல் தம் பெயரால் விளங்கும் விளைவைக் கண்டறிந்தது இக்கழகத்தில்தான். அந்நாளில் அது பௌபஜார்த் தெருவில் இருந்தது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இருளை நீக்குவதே நோக்கம் எனத் தீர்மானித்த ஒரு சிறு குடும்பத்தைக் கொள்க. தொடக்கம் கடையில் அன்று, காகிதத்தில். எந்தச் சாதனம், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட்மணி. 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகள் இரண்டு, எட்டு மணி நேரம் சுழன்றால் 480. இணைய ரூட்டர் 10 வாட் வீதம் பத்து மணி நேரத்திற்கு 100. கைப்பேசிகளுக்கு 40. ஆகக் கூடி 800 வாட்மணி; அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் நான்கு பங்கு.

விசிறிகள் பழைய மாதிரியாய் 75 வாட் இழுப்பவையாயின் அவை மட்டுமே 1,200 வாட்மணி உண்ணும். மொத்தம் 1,520 ஆகும். அஃதாவது இரண்டு விசிறிகளை மாற்றினால் பேட்டரியும் பலகையும் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும். புதிய விசிறிகளின் விலையை மிஞ்சிய சேமிப்பு இதில் உண்டு. இதனை எந்த விற்பனையாளரும் தாமாக முன்வந்து கூறுவது அரிது.

குளிர்சாதனம், மின்அடுப்பு, கெய்சர், இஸ்திரிப்பெட்டி ஆகியவை இப்பட்டியலில் இடம்பெறலாகாது. தண்ணீர்ப் பம்பு ஓடத் தொடங்கும் கணத்தில் தன் இயல்பான மின்னோட்டத்தினும் பன்மடங்கு இழுப்பது. அதற்கு ஈடுகொடுக்கும் இன்வெர்ட்டர் தனியாக ஆராய்ந்து வாங்கத்தக்கது.

அடுத்தது பேட்டரி. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி ட்யூபுலர் ஈய-அமில பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்மணி வரும். ஆயின் இதனை அடிவரை வற்றச் செய்தால் தகடுகள் விரைவில் கெடும். பாதியளவோடு நிறுத்துவதே நெடுநாள் உழைக்கச் செய்யும் வழி. எனவே கையில் உள்ளது 900 வாட்மணிதான். இன்வெர்ட்டர் தனக்கென நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடுத்துக்கொள்வதால், 800 வாட்மணிக்கு ஏறத்தாழ 940 தேவை. ஆகவே மேற்கண்ட குடும்பத்திற்கு இப்பேட்டரி ஓர் இரவுக்கு மட்டுமட்டாகப் போதும். இரண்டு இரவுகளுக்கு வேண்டுமாயின் இரண்டு பேட்டரிகள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், நீர் ஊற்றும் வேலை இல்லை, ஆயுளும் நீண்டது. முதல் விலை மட்டும் கூடுதல்.

பலகையின் கணக்கு எளியது. கொல்கத்தாவில் ஒரு சதுர மீட்டர் சமதரையில் நாளொன்றுக்குச் சராசரியாக நாலரை முதல் ஐந்து யூனிட் வரை சூரிய சக்தி விழுகின்றது. பேட்டரியில் ஏற்றும்போது ஏற்படும் இழப்பு, தூசி, வெப்பம், ஒயர் ஆகியவற்றின் இழப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், இக்குடும்பத்திற்குத் தெளிவான நாட்களில் 340 வாட் பலகை போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் கவியும் மழைக்காலத்தையும் கருதினால் 400 வாட் வேண்டும். ஒரே பலகையில் இவ்வளவும் இன்று கிடைக்கின்றது. அத்தகைய பெரிய பலகையின் மின்னழுத்தம் 12 வோல்ட்டினும் மிகுதியாதலால், எம்.பி.பி.டி. வகைச் சார்ஜ் கன்ட்ரோலர் இன்றி அதனைப் பேட்டரியோடு இணைத்தல் கூடாது. பலகையின் உழைப்பில் பெரும்பங்கு வீணாகும்.

வெயில் கடுமையானால் மின்சாரம் பெருகும் என்பது பொதுவான எண்ணம். பெருக்குவது ஒளி, வெப்பம் குறைக்கும். பலகையின் மேல் அச்சிட்டுள்ள வாட் அளவு, கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது அளந்தது. கொல்கத்தாவின் கோடை மாடியில் அது 60 டிகிரியை எட்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறைவதால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெப்பத்திலேயே போய்விடும். பலகைக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் விடச் சொல்வது இதனாலேயே.

ஏற்கெனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் உள்ள வீடுகள் கரியாஹாட்டில் பல. அவர்களுக்கு மிகச் சிக்கனமான தொடக்கம், அப்பேட்டரியோடு ஒரு பலகையையும் கன்ட்ரோலரையும் சேர்ப்பது. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பழைய இன்வெர்ட்டர் இரவெல்லாம் பொது மின்சாரத்தால் பேட்டரியை நிரப்பிவிடும். காலையில் பலகை விழிக்கும்போது நிரப்புவதற்கு இடமே இராது. நிறைந்த பானையில் ஊற்றும் நீர் வழிவதைப் போல அன்றைய வெயில் பயனின்றிக் கழியும். சூரியனுக்கு முதலிடமும் மின்வழிக்கு இரண்டாமிடமும் அளிக்கும் கட்டுப்பாட்டுச் சாதனம் பொருத்தப்பட்டாலன்றி, பலகை வாங்கியதில் பயனில்லை.

நிழலும் திசையும்

பலகையினுள் மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை வரை நீர் குறைவதைப் போல, ஒரு கலத்தின்மீது நிழல் விழுந்தால் அச்சரம் முழுவதிலும் மின்னோட்டம் தடைப்படும். இதனைத் தணிக்கப் பெரும்பாலான பலகைகளில் மூன்று மாற்றுவழி டயோடுகள் வைக்கப்படுகின்றன. எனினும் மூன்றில் ஒரு பங்கு பலகை ஓய்ந்தே போகும். துணிக்கொடியில் உலரும் ஒரு வேட்டி, காகிதத்தில் கணக்கிட்ட விளைச்சலைக் குலைக்கப் போதுமானது.

ஆதலால் இடம் தெரிவதற்கு வேண்டுவது ஒரு கோலும் ஓர் அளவுநாடாவும். கொல்கத்தா வடக்கு அட்சம் இருபத்திரண்டரை டிகிரியில் உள்ளது. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளன்று, நண்பகலில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலின் நிழல் 41 சென்டிமீட்டர் நீளம் வடக்கு நோக்கி விழும். டிசம்பர் 21, 22 தேதிகளில் அதே நிழல் ஒரு மீட்டரைச் சற்றே கடக்கும். சென்னையில் அந்நாளில் அது 74 சென்டிமீட்டரே. ஜூன் 21 அன்று கொல்கத்தாவில் சூரியன் உச்சிக்கு மிக அண்மையில், ஓரளவே வடக்கே நிற்பதால் நிழல் ஏறத்தாழ மறையும். பள்ளி முற்றத்தில் மாணவர்கள் மாதந்தோறும் இதனை அளந்து வரைபடமாக்கலாம். பூகோளப் பாடமும் பௌதிகப் பாடமும் அதில் சந்திக்கின்றன.

இவ்வளவையிலிருந்து நடைமுறை விதியொன்று கிடைக்கின்றது. பலகைக்குத் தெற்கே உள்ள சுவரோ தொட்டியோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இருமடங்கு தூரம் தள்ளிப் பலகையை வைத்தால், குளிர்காலத்திலும் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை பெரும்பாலும் நிழல் எட்டாது. பலகை தெற்கு நோக்கி, இருபது டிகிரியை அடுத்த சாய்வில் இருத்தல் நலம். சாய்வில் இரண்டொரு டிகிரி பிசகினால் பெருநட்டமில்லை. நிழலில் பிசகினால் உண்டு.

மாடியின் உரிமை

மின்கட்டணத்தைக் குறைப்பதே நோக்கமாயின் கணக்கு வேறு. நிழலற்ற மாடியில் ஒரு கிலோவாட் அமைப்பிற்கு ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர் இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை விளைவிக்கும். மாதத்திற்கு நூற்றுக்கு மேல்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி இல்லங்களை நோக்கமாகக் கொண்டது. இதற்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மின்வழியோடு இணைந்த அமைப்பிற்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் ஆயின் 78,000 ரூபாயும் மானியமாக நிர்ணயிக்கப்பட்டன. குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்திற்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். மானியம் பெறுவதற்குப் பலகையின் கலங்களும் நம் நாட்டில் செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுபெற்ற நிறுவனமே பொருத்த வேண்டும். விண்ணப்பம் தேசிய இணையதளத்தின் வழியே செல்ல வேண்டும். மின்வழியோடு இணையாத, பேட்டரி மட்டும் கொண்ட அமைப்புக்கு இம்மானியம் இல்லை. முதலில் எழுப்பிய வினா இங்குப் பணத்தின் வடிவில் மீண்டும் வந்து நிற்கின்றது.

தனி வீட்டாருக்கு இவையெல்லாம் எளிது. கரியாஹாட்டின் அடுக்குமாடிக் குடும்பத்திற்கோ மாடி பலருக்கும் பொதுவானது. மூன்றாம் மாடியில் வசிப்பவர் தம் விருப்பப்படி பலகை பரப்புவாராயின், மற்றவர் துணி உலர்த்தும் இடம் போயிற்று என வழக்கெழும். ஆகையால் முதலில் பொதுவிளக்கு, லிப்டு, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றின் மின்செலவைக் குறைக்கச் சங்கமே அமைப்பை நிறுவுதல் இணக்கமான வழி. பயன் அனைவருக்கும் சமமாகச் சேர்வதால் பூசல் குறையும். இந்நகரத்தின் வடகிழக்கே நியூ டவுனில் 2008இல் அமைந்த ரபிரஷ்மி ஆபாசன், சூரிய மின்சாரத்தைக் கட்டுமானத்திலேயே கணக்கிற் கொண்ட 25 வீடுகளின் தொகுதி. ஆயின் அது வெற்று நிலத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. பழைய தெருக்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

காற்றும் தீயும்

சாய்த்து நிறுத்திய பலகை காற்றுக்குப் பாய்மரம் போன்றது. கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி, கொல்கத்தாவிற்கு அடிப்படைக் காற்றுவேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறிக்கின்றது. மணிக்கு 180 கிலோமீட்டர். சென்னைக்கும் அதுவே. இதற்கு ஈடுகொடுக்கும்படி தாங்குசட்டத்தைத் தளத்தின் காங்கிரீட்டோடு போல்ட்டால் பிணைக்க வேண்டும், அல்லது தக்க எடையுள்ள கட்டைகளில் பதிக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பதும் கயிற்றால் கட்டுவதும் ஒரு புயலுக்குத் தாங்கா. பறந்த பலகை அடுத்த வீட்டாரையும் காயப்படுத்தும். தளத்தைத் துளைத்த இடங்களில் நீர் கசியாமல் அடைப்பது மறக்கப்படும் வேலை. மழைக்காலத்தில் மேல்மாடிக் குடும்பத்தார் அதனை நினைவூட்டுவர்.

நேர்மின்னோட்டத்தின் பொறி எளிதில் அணையாது. ஆதலால் பலகைக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே நேர்மின்னோட்டத்திற்கென்றே செய்த சுவிட்சு, பேட்டரி முனைக்கு மிக அருகில் தக்க பியூஸ், சட்டத்திற்கு எர்த், மின்னலுக்கு எதிரான சர்ஜ் தடுப்பி ஆகிய நான்கும் இன்றியமையாதவை. ஈய-அமில பேட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய அலமாரியில் வைப்பதும், அருகில் ஊதுவத்தி கொளுத்துவதும் தவிர்க்கத்தக்கவை. பூஜையறையை ஒட்டிப் பேட்டரி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் காணப்படுவதால் இதனைத் தனியே கூற வேண்டியுள்ளது.

பொருத்தி முடிந்தபின் வேண்டுவது ஒரு குறிப்பேடு. நாள்தோறும் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டும், மாதம் ஒருமுறை பேட்டரியின் நீர்மட்டமும் அதில் பதியப்பட வேண்டும். குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றப்பட வேண்டும், குழாய்நீர் அன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொல்கத்தாவின் காற்றில் தூசியும் புகையும் மிகுவதால் பலகையின் மேல் படலம் படியும். விடியற்காலையில் பலகை குளிர்ந்திருக்கும்போது மென்துணியாலும் நீராலும் துடைத்துவிட்டு, அவ்வாரத்து யூனிட்டை முந்தைய வாரத்தோடு ஒப்பிட வேண்டும். துடைத்த பின்னும் விளைச்சல் மீளாவிடில், நண்பகலில் ஒருமுறையும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறையும் மாடிக்கு ஏறி, தெற்கே புதிதாக எழுந்த சுவரேதும் நிழலிடுகின்றதா என்று பார்க்க வேண்டும்.